நோட்டை நடுவில் வைத்துப் பேசுங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஈராசிரியர் பள்ளி, ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உங்கள் பொறுப்பு, வேலைக்கு வந்து இது நான்காவது வருடம். மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர். அதில் ஐந்து பேருக்கு இன்னும் இரண்டெழுத்துச் சொல்லே தடுமாற்றம். மாலையில் வீட்டுக்கு வந்தால் பெற்ற பிள்ளையிடம்கூடப் பேசத் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது ஆசிரியர் குழுவில் சேர்ந்தால் இது சரியாகுமா, இல்லை டாக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரியை எழுதிவிட்டு வேகமாகக் கடந்து போய்விட்டீர்கள்: வாட்ஸ்அப் குழுவில் இருநூறு ஆசிரியர்கள் இருக்கிறோம், ஒரு பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லை என்று மட்டும் அங்கே சொல்ல முடிவதில்லை என்ற வரி. எனக்கு அதுதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. ‘பிள்ளைக்கு வரவில்லை’ என்று சொன்னால் ‘உனக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை’ என்று திரும்பி வராத ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

நான் 1996-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். இப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர். நடுவில் சில வருடங்கள், அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிகளில் பயிற்சி தரும் கருத்தாளராகவும் இருந்தேன். இத்தனை வருடத்தில் பெரும்பகுதி ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் போனது. மருத்துவமோ உளவியலோ படித்தவள் இல்லை. அதனால் உடம்பு, மனசு பற்றி நான் சொல்வதை ஒரு மூத்த டீச்சர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை பற்றியும் ஆசிரியர்கள் கூடிப் பேசுவது பற்றியும் சொல்வதை இன்னும் கொஞ்சம் நம்பலாம். அதில் ஒரு தடவை தோற்றும் இருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

எழுத்தறிவிக்கும் வேலைக்கென்றே தனியாக ஒரு களைப்பு உண்டு. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவருக்கு ஒரு பாடம் முடிந்தது என்று ஒரு நாள் வரும். ஒன்றாம் வகுப்பில் அப்படி ஒரு நாள் வராது. ஜூனில் ‘அ’ எழுதிய பிள்ளை தீபாவளி விடுமுறை முடிந்து வந்து அதையே மறந்து நிற்கும். பிப்ரவரியில் ஒரு நாள் திடீரென்று பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கும். அது எந்த நாளில், எதனால் நடந்தது என்று நமக்கே தெரியாது. உழைப்புக்கும் பலனுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும், நான் செய்வதில் ஏதாவது இருக்கிறதா என்று. போதாததற்கு, எழுத்தறிவித்தவன் இறைவன் என்று பள்ளிச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அந்த வரிக்குக் கீழே நின்றுகொண்டு ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்ல வாய் வராது. எனக்கும் பல வருடம் வரவில்லை.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் பர்ன் அவுட் என்று 1974-ல் நியூயார்க்கில் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பெயர் வைத்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று அடையாளங்களாகப் பிரித்தார்: உள்ளே எல்லாம் வற்றிப்போன உணர்வு, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களிடமிருந்தே மனசு விலகிப்போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வேலையிடம் சார்ந்த ஒன்றாக வகைப்படுத்தியது; நோய் என்று சேர்க்கவில்லை. இது உங்களுக்கு முக்கியம் என்பதால் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் முதல் அடையாளமும் மூன்றாவதும் தெரிகின்றன. இரண்டாவது தெரியவில்லை. அந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது ஒவ்வொருவருக்கும் எந்த எழுத்து வரவில்லை என்று தனித்தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். மனசு விலகிப்போன டீச்சர் அப்படி எழுத மாட்டார்.

சரி, குழு உதவுமா? எந்தக் குழு என்பதைப் பொறுத்தது. ஒரு சம்பவம் சொல்கிறேன், அதிலிருந்து நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது புரியும்.

சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் ஒரு பையனுடைய இரண்டுகோடு நோட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. ‘மூன்றாம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் டீச்சர். பாருங்க’ என்றார். ‘மேகம்’ என்று சொல்வதெழுதுதலுக்குக் கொடுத்திருந்தார். பையன் முதலில் ம எழுதியிருந்தான், அதற்குப் பின்னால் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் ம். படித்துப் பார்த்தால் ‘மகேம்’. ‘தேன்’, ‘மேடு’, ‘பேனா’ எல்லாவற்றிலும் இதே கதை. பக்கம் முழுவதும் சிவப்பு மை. நாங்கள் ஒன்றும் பேசாமல் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் வயதில் சின்னவரான ஒரு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: ‘இவன் காது சரியா இருக்கே டீச்சர். மே-ன்னு சொன்னா முதல்ல ம் கேக்குது, அப்புறம் ஏ கேக்குது. கேட்ட வரிசையில எழுதியிருக்கான்.’

யோசித்துப் பாருங்கள். தமிழில் துணைக்காலும் விசிறியும் எழுத்துக்குப் பின்னால் வரும். மா, மி, மீ எல்லாம் காதில் விழும் வரிசையிலேயே கைக்கும் வரும். கொம்பு மட்டும் ஒலியில் பின்னால் வந்து எழுத்தில் முன்னால் நிற்கும். ‘கொ’, ‘கோ’ வந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடமாக இதை எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. அந்தப் பையன் ஒலியைச் சரியாகப் பிரித்திருந்தான். எழுத்தின் இந்த வழக்கம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் ஒரு வழி யோசித்தோம். கரும்பலகையில் முதலில் கொம்பை மட்டும் போடுவது, ‘கொம்பு யாருக்குக் காத்திருக்கு?’ என்று கேட்பது, பிள்ளைகள் ‘ம-வுக்கு!’ என்றதும் ம எழுதுவது. மூன்று வாரத்தில் ‘மேகம்’ சரியாக வந்தது. ‘கொக்கு’க்கு இன்னும் நாளானது. ஆனால் அந்த டீச்சர் அன்று மாலையே வேறு ஆளாகத்தான் பேருந்து ஏறினார். யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அவருடைய பையன் மக்கு இல்லை, அவர் மோசமான டீச்சர் இல்லை என்பது நோட்டிலேயே தெரிந்துபோனது, அவ்வளவுதான்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு நிம்மதி தருகிற பேச்சு பெரும்பாலும் வேலையைப் பற்றிய நுணுக்கமான பேச்சு. ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ என்பது அன்பான வார்த்தை, ஆனால் மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஜப்பானில் நூறு வருடத்துக்கு மேலாக ஜுக்யோ கென்க்யூ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு நடக்கும் பேச்சும் அந்தக் குறிப்புகளைச் சுற்றியே இருக்கும். பார்வை நடத்துகிறவர் மேல் இல்லாமல் பிள்ளைகள் மேல் இருப்பதில்தான் அதன் அருமை. நம் ஊரில் ஒருவர் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தாலே ஆய்வுக்கு வந்திருக்கிறார் என்று கை நடுங்கும். நோட்டை நடுவில் வைக்கும்போதும் அந்த நல்ல காரியம் நடக்கிறது. எல்லார் கண்ணும் நோட்டுக்குப் போய்விடும், உங்கள் முகத்தில் யாருடைய பார்வையும் இருக்காது.

இதை நான் முதலில் பார்த்தது பள்ளியில் இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனது பலருக்கு நினைவிருக்கும். ஆசிரியர் பயிற்சியை முடித்த கையோடு நானும் அதில் ஒரு தொண்டர். தெருவிளக்குக்குக் கீழே கல் குவாரிக்கும் வயலுக்கும் போய்விட்டு வந்த அக்காமார் பத்துப் பன்னிரண்டு பேர். நாள் முழுக்க வேலை செய்த கை பென்சிலை அழுத்திப் பிடித்து முனையை ஒடிக்கும். பாதி நாள் நான்கு பேர்தான் வருவார்கள். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகவில்லை. வாரம் ஒரு நாள் ஐந்தாறு ஊர்த் தொண்டர்கள் ஒரு திண்ணையில் கூடுவோம். ‘எங்க ஊர்ல நாத்து நடவு, யாரும் வரல’ என்று ஒருத்தி சொல்வாள். ‘எங்க ஊர்லயும்தான், நான் வரப்புக்கே போயிட்டேன்’ என்பாள் இன்னொருத்தி. அந்தத் திண்ணை இல்லாவிட்டால் நான் இரண்டாவது மாதமே நின்றிருப்பேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, இருக்கிற பெரிய குழு எதிலும் சேர்வதைவிட நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் போனால் எல்லாருக்கும் பேச நேரம் இருக்காது, மூன்றுக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் நின்றுவிடும். எல்லாரும் ஒன்று முதல் மூன்று வகுப்பு எடுப்பவர்களாக இருந்தால் நல்லது. பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்த பெண்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளை நம்மைவிட அவர்களுக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சரையும் கேட்டுப் பாருங்கள். மாதம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் போதும். குறுவள மையக் கூட்டம் நடக்கும் நாளிலேயே மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டால் தனியாகப் பயணம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒருவர் முறை. அவர் ஒரே ஒரு பிள்ளையின் நோட்டைக் கொண்டுவர வேண்டும், நன்றாக எழுதும் பிள்ளையின் நோட்டு வேண்டாம். முதல் பத்து நிமிடம் யாரும் யோசனை சொல்லக் கூடாது, பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி கஷ்டமாக இருக்கும், ஆனால் இதை விட்டால் ‘நான் எப்படிப் பண்ணுவேன்னா’ என்று மூத்தவர்கள் ஆரம்பித்துவிடுவோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளையின் பெயர் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போட்டோ வேண்டாம், பதிவேடு வேண்டாம்.

பதிவேடு வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதில்தான் நான் அடிபட்டேன். முதல் தடவை ஒரு குழு ஆரம்பித்தபோது நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்: எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை பேருக்கு வாசிப்பு வரவில்லை. அது எப்படியோ மேலே ஒருவர் கைக்குப் போனது. அடுத்த வாரம் எங்களில் இருவரிடம் விளக்கம் கேட்டார்கள். மறு மாதம் யாரும் வரவில்லை, நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னதற்காக ஒருவர் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் போதும், அந்த இடத்தில் பிறகு யாரும் உண்மை பேச மாட்டார்கள். அந்த இரண்டு டீச்சர்களிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் வாட்ஸ்அப் குழு இந்த வேலைக்கு ஆகாது என்பதற்கும் காரணம் இதுதான். அதில் சுற்றறிக்கை வரும், ‘இன்று மாலைக்குள்’ என்று எமிஸ் என்ற கல்வித் துறைத் தரவுத்தளத்துக்கு விவரம் கேட்பார்கள், நன்றாக நடந்த செயல்பாட்டின் படம் வரும். அதிகாரிகளும் இருக்கும் இடத்தில் யார்தான் வராத எழுத்தைப் பற்றி எழுதுவார்கள்? அதை அறிவிப்புப் பலகையாக மட்டும் பாருங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் திறக்காதீர்கள். சங்கத்தின் வேலை வேறு. ஊதியம், மாறுதல், ஓய்வூதியம் என்று வந்தால் அவர்கள்தான் வேண்டும், அதில் சேர்ந்திருங்கள்.

இனி, இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வேலைப் பளு ஏறி, கூட இருப்பவர்களின் துணை குறையும்போது ஆசிரியர்கள் சோர்ந்துபோகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்படிக் கூடிப் பேசுவதால் பிள்ளைகளின் வாசிப்பு எவ்வளவு உயரும் என்பதில் அந்த அளவு உறுதி கிடையாது. ஜப்பானிய முறையை அப்படியே எடுத்துப்போன இடங்களில் சில இடம் பலன் தந்தது, சில இடம் தரவில்லை. தியானம், மூச்சுப்பயிற்சி, மன அழுத்த மேலாண்மை என்று தனி ஆளுக்குத் தரும் பயிற்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். செய்து நன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மருத்துவர்களின் சோர்வு பற்றிய ஆய்வுகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தபோது, தனி ஆளுக்குக் கொடுத்த பயிற்சியைவிட வேலை நேரம், வேலை முறை போன்றவற்றை மாற்றியதில் பலன் கூடுதலாக இருந்தது. ஆசிரியர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், பொருந்தும் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது.

ஏனென்றால் குழுவால் தீராத ஒன்று உங்கள் நிலைமையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் படி 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்ததை நான் வரவேற்றேன், இன்றைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன். வராத பிள்ளையை அதன் இடத்திலிருந்து தொடங்கலாம் என்று அது அனுமதி கொடுத்தது. ஆனால் மூன்று வகுப்பு, மூன்று நிலை, ஒரு டீச்சர், நடுவில் சத்துணவு, காலை உணவு, செயலியில் மதிப்பீடு என்று ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். உங்கள் களைப்பில் கணிசமான பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. உங்கள் மனசு பலவீனமாக இருப்பதால் வரவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி ஒரே ஒரு மாற்றம் கேளுங்கள்: காலையில் முதல் நாற்பது நிமிடம் பதிவேடு, போன் எதுவும் இல்லாமல் அந்த ஐந்து பேரோடு மட்டும். மற்றவர்களை அவர் அந்த நேரம் பார்த்துக்கொள்ளட்டும். தலைமையாசிரியராக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இது முடியாத காரியம் இல்லை.

தொண்டையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட மனசில்லை. சாயங்காலம் குரல் கம்முவது நம் தொழிலில் சகஜம் என்று நானும் பத்து வருடம் விட்டுவிட்டேன். ஒரு வகுப்பைப் பாட வைத்துக்கொண்டு இன்னொரு வகுப்புக்கு அதற்கு மேல் கத்துவோம். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரும் குடிக்க மாட்டோம். இரண்டும் சேர்ந்து தொண்டையையும் கெடுக்கும், சிறுநீர்த் தொற்றையும் கொண்டுவரும். கை தட்டல், சின்ன மணி என்று குரல் இல்லாத சைகைகளைப் பழக்குங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கழிப்பறை விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வெட்கப்படாமல் எழுப்புங்கள். அதில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள்தான், புரிந்துகொள்வார்கள்.

டாக்டரிடம் போக வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய அளவில் வைத்து என்னால் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. விடுமுறையில் இரண்டு வாரம் இருந்தும் மனசு லேசாகவில்லை என்றால், தூக்கம், சாப்பாடு கெட்டுப் பல நாள் ஆகிவிட்டது என்றால், முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், இது வெறும் வேலைச் சோர்வாக இருக்காது. அப்போது குழுவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், பணம் இல்லை, பெயரும் சொல்ல வேண்டாம். குழுவா டாக்டரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, இரண்டும் வேண்டியிருக்கலாம்.

அந்த ஐந்து பேரையும் ஒன்றாக நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ணகர னகரம் குழம்புகிறாள் என்று ஒரு பெண் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவளிடமிருந்து ஆரம்பியுங்கள். அவளுடைய நோட்டில் சிவப்பு மையைப் பார்க்காமல், எந்தெந்தச் சொல்லில் தவறாமல் சரியாக எழுதுகிறாள் என்று ஒரு மாலை உட்கார்ந்து தேடுங்கள். ‘கண்’, ‘மண்’ சரியாக வந்து ‘வீணை’ மட்டும் தவறுகிறதா, இல்லை எல்லாமே மாறுகிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் ண் என்ற புள்ளி எழுத்துச் சொற்களைக் கண்ணால் மனப்பாடம் செய்திருக்கிறாள், ஒலியைப் பிடிக்கவில்லை என்று நான் நினைப்பேன். பின்னது என்றால் நாக்கை எங்கே வைப்பது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். நீங்கள் கூப்பிடப்போகும் நாலு பேரிடம் முதல் நாள் இந்த நோட்டைத்தான் வையுங்கள். அவர்களில் யாராவது ஒருவர் நான் சொன்னது தவறு என்று காட்டினால் எனக்கும் எழுதுங்கள்.